முற்றுப்புள்ளி எந்த வரியில் விழ வேண்டும்?

“யூனிகோடு கோப்பு கொடுத்தா போதும். சாஃப்ட்வேர் பிரெயிலா மாத்திடும், மெஷின் அடிச்சுத் தள்ளிடும். நடுவுல ஆளுக்கு வேலையே இல்ல.” பதிப்பகத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இப்படிச் சொன்னார். அப்படியானால் பள்ளி திறந்து வாரக்கணக்கில் ஆன பிறகும் சில பார்வையற்ற பிள்ளைகள் பாடப்புத்தகத்துக்குக் காத்திருப்பது ஏன் என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. பிரெயில் புத்தகம் உண்டாகும் இடத்துக்கே போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

குரோம்பேட்டை ரயில் நிலையத்தில் இறங்கி ராதா நகர்ப் பக்கமாக வெளியே வந்தால், போக வேண்டிய இடம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஷேர் ஆட்டோவில் 15 ரூபாய் என்றார்கள். நடந்தேன். பூக்கடை, அடுத்தடுத்து இரண்டு மருந்துக்கடை, ஒரு ஜெராக்ஸ் கடை, பழைய பேப்பர் எடைக்கு வாங்கும் கடை, அதை ஒட்டி ஒரு மாடி வீடு. கீழே மளிகைக்கடை. மேலே சிறிய அறக்கட்டளை ஒன்றின் பிரெயில் பிரிவு. படியேறும்போதே எந்திரத்தின் சத்தம் கேட்டது. சில நொடி படபடவென்று அடிக்கும், நிற்கும், மறுபடி அடிக்கும். மாடிப்படிக் கைப்பிடி முடியும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டை ஒட்டியிருந்தது, அதன்மேல் புள்ளிகள். தடவிப் பார்த்தேன். சொரசொரப்பு என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அறை 12க்கு 20 அடி இருக்கும். இரண்டு கணினிகள், ஒரு பெர்கின்ஸ் தட்டச்சு எந்திரம், பிரெயில் அச்சடிக்கும் எம்பாசர் ஒன்று. எம்பாசரை மரப்பெட்டிக்குள் வைத்து மூடியிருந்தார்கள். மூடியும் அந்தச் சத்தம். பெட்டியைத் திறந்தபோது இரண்டு பேர் பேசிக்கொள்ளவே முடியவில்லை. சுவரோரம் கட்டுக்கட்டாகத் தடித்த காகிதம். புதுக் காகிதத்தின் மணம் அறை முழுக்க இருந்தது.

பொறுப்பாளர் வரவேற்று உட்கார வைத்தார். “ரூல்ஸ் எல்லாம் சாஃப்ட்வேர்லயே இருக்கு சார். நாங்க கடைசியில ஒருவாட்டி செக் பண்றதோட சரி” என்றார். நண்பர் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் ஜன்னலோர மேசையில் நான் பார்த்தது வேறு. முனை கிழிந்து டேப் ஒட்டிய ஒரு லாங் சைஸ் கோடு போட்ட நோட்டு. பக்கத்திலேயே அதன் பிரெயில் பிரதி, நான்கு விரற்கடைத் தடிமனில். அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர் மெய்ப்புப் பார்ப்பவர், பிறவியிலேயே பார்வையில்லாதவர். எல்லாரும் அவரை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். “இது எங்க விதி நோட்டு சார். ஒவ்வொரு புத்தகத்திலயும் ஏதாவது ஒரு சந்தேகம் வரும். முடிவு பண்ணினதை இதுல எழுதிவைப்போம்” என்றார். பொறுப்பாளரிடம் நன்றி சொல்லிவிட்டு நாற்காலியை அக்காவின் மேசைக்கு இழுத்துப் போட்டேன்.

முதலில் எனக்குப் பாடம் நடந்தது. பெர்கின்ஸில் ஒரு தாளைச் செருகினார். ஆறு புள்ளிக்கு ஆறு விசை, நடுவில் இடைவெளி விசை. இந்த எந்திரத்தை நம்மூர்க் காட்பாடியிலேயே செய்கிறார்கள். ஓர் எழுத்துக்கு வேண்டிய புள்ளிகளை ஒரே அழுத்தில் சேர்த்து அடிக்க வேண்டும். ‘அம்மா’ என்று அடித்து, என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக் கட்டம் கட்டமாக நகர்த்தினார். முதல் கட்டத்தில் ஒரே புள்ளி, இடது மேல் மூலையில். அது அ. அடுத்த கட்டத்திலும் ஒரே புள்ளிதான், வலது மேல் மூலையில். நான்காம் புள்ளி என்பார்கள். மெய்யெழுத்துக்கு நாம் வைக்கும் புள்ளி அதுதான். அச்சில் எழுத்தின் தலைமேல் உட்காருவது, பிரெயிலில் எழுத்துக்கு முன்னால் தனிக் கட்டமாக வந்துவிடுகிறது. அதன்பின் ம, இன்னொரு ம, கடைசியில் ஆ. அச்சில் மூன்று எழுத்து, இங்கே ஐந்து கட்டம்.

“தலைக்கு மேல வைக்க இடம் கிடையாது சார். விரல் ஒரே வரிசையிலதான் போகும். அதனால எல்லாத்தையும் வரிசையில நிக்க வெச்சாகணும்” என்றார் அக்கா. ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு முன்னால், கால் பின்னால் என்று நாம் எழுதுகிறோம். பிரெயிலில் க, அதற்கடுத்து ஒ. ஒலிக்கும் வரிசைதான் எழுதும் வரிசை.

ஒரு கட்டத்தில் புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே சுமார் 2.5 மில்லிமீட்டர். கட்டத்துக்குக் கட்டம் 6 மில்லிமீட்டர், வரிக்கு வரி 10 மில்லிமீட்டர். புள்ளியின் உயரம் அரை மில்லிமீட்டர்தான். இந்த அளவைச் சுருக்க முடியாது. விரல்நுனி உணர்வதற்கு இவ்வளவு வேண்டும். பொடி எழுத்து, பெரிய எழுத்து, சாய்ந்த எழுத்து எதுவும் பிரெயிலில் கிடையாது. ஆறு புள்ளிகளில் ஒன்றும் இல்லாத வெற்றுக் கட்டத்தை விட்டால் மொத்தம் 63 வடிவங்கள். உயிர், மெய், எண், நிறுத்தற்குறி, கணக்குக் குறி எல்லாம் அந்த 63க்குள் அடங்கியாக வேண்டும். நான் அன்று பார்த்த சிக்கல்களில் பாதி இங்கிருந்துதான் முளைக்கின்றன.

லூயி பிரெயில் தன் முறையை வெளியிட்டது 1829இல். இந்திய மொழிகளுக்கு அது வந்தபோது ஊருக்கு ஒரு முறை இருந்தது. கல்கத்தாவில் லால் பிஹாரி ஷா ஒன்று வைத்திருந்தார், குஜராத்தில் நீல்காந்த்ராய் சத்ரபதி இன்னொன்று. 1951இல் யுனெஸ்கோ முயற்சியில் பெய்ரூட்டில் கூடிப் பேசியதன் தொடர்ச்சியாக இந்தியா முழுமைக்கும் பாரதி பிரெயில் என்ற ஒரே முறை வந்தது. ஒரே ஒலிக்கு எல்லா மொழியிலும் ஒரே கட்டம். தமிழ் க-வுக்கும் இந்தி க-வுக்கும் ஆங்கிலத்தின் கே-க்கும் 1, 3 புள்ளிகள்தான். எழுத்து விஷயம் அதோடு தீர்ந்தது. பக்கத்தை எப்படி அமைப்பது என்பது அந்தந்த அறையில் உட்கார்ந்து யோசிக்கிறவர்கள் தலையில் விழுந்தது.

கணினி முன்னால் இருந்த தம்பி அன்று எடுத்துக்கொண்டது ஏழாம் வகுப்புப் பாடம் ஒன்று. அச்சுப் புத்தகத்தின் பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை நகலெடுத்து ஒட்டினால் திரையில் கொம்பும் காலும் இடம் மாறி, பாதிச் சொற்கள் குப்பையாக வந்தன. பழைய எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டு எடுத்தார். இப்போது பார்க்க ஒழுங்காக இருந்தது. “முடிஞ்சுதா?” என்றேன். “இனிமேதான் சார்” என்று ஒரு சொல்லைச் சுட்டிக்காட்டினார். ‘பெளர்ணமி’. சரியாகத்தானே இருக்கிறது என்று எனக்குப் பட்டது. இல்லை. ப-வுக்கு ஔகாரக் குறி போடுவதற்குப் பதிலாக, யாரோ ‘பெ’ அடித்து அதன் பக்கத்தில் ‘ள’ அடித்திருக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. பிரெயிலில் ஔ என்பது 2, 4, 6 புள்ளிகள் கொண்ட ஒரே கட்டம். ‘பெள’ என்று போனால் எகரத்துக்கு ஒரு கட்டம், ள-வுக்கு ஒரு கட்டம். படிக்கிற பிள்ளை ‘பெ-ள-ர்-ண-மி’ என்றுதான் படிக்கும், அப்படியேதான் எழுதவும் கற்றுக்கொள்ளும்.

மொத்தமாகத் தேடி மாற்றிவிடலாமே என்றேன். தம்பி ஒரு முறை செய்து காட்டினார். ‘வெள’ என்பதை ‘வௌ’ என்று மாற்றச் சொன்னதும், பாடத்தில் இருந்த ‘வெள்ளி’, ‘வெள்ளம்’ எல்லாம் சிதைந்து போயின. ‘கெள’வை மாற்றினால் கெளுத்தி மீன் போய்விடும். ஆகவே ஒவ்வோர் இடமாக நின்று பார்த்துத்தான் மாற்ற வேண்டியிருக்கிறது. நோட்டின் மூன்றாம் பக்கத்தில் இதற்கென்றே ஒரு பட்டியல் இருந்தது: பெள, கெள, மெள, செள, ஒள. தமிழ்த் தட்டச்சில் நாம் எல்லாரும் அலட்சியமாகச் செய்கிற இந்த ஒன்றைத் திருத்தவே அந்தப் பாடத்துக்கு இருபது நிமிடம் போயிற்று.

அடுத்தது எண். பிரெயிலில் எண்ணுக்குத் தனி வடிவம் கிடையாது. 3, 4, 5, 6 புள்ளிகள் கொண்ட எண்குறியை முன்னால் போட்டு, ஆங்கிலத்தின் முதல் பத்து எழுத்துகளை அடுக்க வேண்டும். அ-வின் கட்டமே 1, ச-வின் கட்டமே 3. இப்போது ‘1947இல்’ என்று அச்சில் இருப்பதை அப்படியே மாற்றினால் என்ன ஆகும்? இ-யின் கட்டம் 9. ஆக, விரல் படிப்பது 19479, பிறகு ஒரு ‘ல்’. ‘2ஏக்கர்’ என்று இடைவெளி விடாமல் அடித்திருந்தால் ஏ-யின் கட்டம் 5 ஆகி, ‘25க்கர்’ என்று வரும். தம்பி அந்த வரியைத் தனியே அச்சடித்து அக்காவிடம் நீட்டினார். அவர் தயங்காமல் “இருபத்தஞ்சு க்கர்” என்று படித்தார். எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவில் இணைப்புக்கோடு போடுவது இந்த அறையின் விதி. ‘5ஆம்’ என்பதில் ஆ எந்த எண்ணோடும் மோதாது. இருந்தாலும் அங்கேயும் கோடு போடுகிறார்கள். ஒரு இடத்தில் உண்டு, ஒரு இடத்தில் இல்லை என்றால் பிள்ளைகள் தடுமாறுவார்கள் என்றார் அக்கா. இது சரியான முடிவு என்றே எனக்கும் தோன்றியது.

எண்குறியில் இன்னொரு விஷயம் இருக்கிறது. 3, 4, 5, 6 என்பது ண-வின் கட்டமும்கூட. குழப்பம் வராதா? “தமிழ்ல எந்தச் சொல்லும் ண-வுல ஆரம்பிக்காதே சார். சொல் தொடக்கத்துல வந்தா எண். நடுவுல வந்தா ண.” இலக்கணத்தில் மொழிமுதல் எழுத்துகள் என்று படித்தது இப்படி ஒரு வேலைக்கு ஆகும் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் அதே இலக்கணப் புத்தகத்தில் ‘ண, ன, ந வேறுபாடு’ என்று ஒரு பாடம் வருமே, அங்கே ண தனியாக நிற்குமே என்று கேட்டேன். அக்கா நோட்டைத் தேடச் சொன்னார். இருந்தது. தனி எழுத்தைச் சுட்டும்போது மேற்கோள் குறிக்குள் போட வேண்டும் என்று பச்சை மையில் எழுதியிருந்தது.

கணக்குப் பாடத்தில் சிக்கல் ஒரு படி அதிகம். இந்தியாவில் கணக்குக்கு நெமத் முறை பரவலாகப் புழங்குகிறது. அதில் எண்கள் கட்டத்தின் கீழ்ப்பாதிக்கு இறங்கிவிடும். அப்படி இறங்கிய 4-இன் வடிவமும் முற்றுப்புள்ளியின் வடிவமும் ஒன்று, 2, 5, 6. அதனால் எண்ணுக்குப் பின் நிறுத்தற்குறி வந்தால் அதைச் சொல்ல நெமத்தில் 4, 5, 6 என்று ஒரு கட்டம் போட வேண்டும். தமிழில் 4, 5, 6 என்பது ள. கணக்குப் புத்தகம் வந்தால் தனி ஆளை உட்கார வைப்பதாகச் சொன்னார்கள். அன்று கணக்கு இல்லை.

இந்த அறையில் ஏ4 தாளில் வரிக்கு 30 கட்டம், பக்கத்துக்கு 25 வரி. 30 கட்டம் தாராளம் என்றுதான் முதலில் நினைத்தேன். தம்பி மென்பொருளில் போட்டு எடுத்த முதல் பக்கத்தை அக்கா தடவிக்கொண்டே வந்தவர் ஒரு வரியின் தொடக்கத்தில் நின்றுவிட்டார். “இது என்னப்பா இங்க?” அச்சில் பார்த்தோம். ‘அறிமுகப்படுத்தப்பட்டிருக்கிறது’ என்று ஒரு வாக்கியம் முடிகிறது. 18 எழுத்து. கட்டமாக எண்ணினேன். அ-வுக்கு ஒன்று, றி-க்கு இரண்டு, ப்-புக்கு இரண்டு என்று கூட்டிக்கொண்டே போனால் சரியாக 30. ஒரு வரி முழுக்க அந்த ஒரே சொல். அதன் முற்றுப்புள்ளிக்கு இடம் இல்லாமல், மென்பொருள் அதை அடுத்த வரியில் தனியாகத் தள்ளியிருந்தது.

தள்ளினால் என்ன, படிப்பவருக்குப் புரியாதா? என் விரலை அங்கே வைத்தார். மூன்று புள்ளிகள். அவை கட்டத்தின் கீழ்ப்பாதியில் இருக்கின்றன என்பது, பக்கத்தில் முழு எழுத்து ஒன்று இருந்தால்தான் தெரியும். தனியாக நின்றால் மேலா கீழா என்று விரலுக்குப் பிடிகிடைக்காது. அதே வடிவம் மேலே இருந்தால் 1, 4, 5 புள்ளிகள், ஆங்கிலத்தின் டி. வரி தொடக்கத்தில் தனியே ஒரு டி நிற்கிறது என்றுதான் அக்காவும் முதலில் நினைத்தாராம்.

சொல்லை உடைக்க வேண்டும். எங்கே உடைப்பது? அச்சில் நாம் தமிழ்ச் சொல்லை வரி முடிவில் எங்கே வேண்டுமானாலும் வெட்டுகிறோம், இணைப்புக்கோடுகூடப் போடுவதில்லை. இங்கே இரண்டு விதிகளை நோட்டில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறார்கள். மெய்யின் புள்ளிக் கட்டத்தை அதன் எழுத்திலிருந்து பிரிக்கக் கூடாது. மெய்யையும் அதன்மேல் ஏறிய உயிரையும் பிரிக்கக் கூடாது. ட என்று ஒரு வரி முடிந்து, டு-வின் உகரம் மட்டும் அடுத்த வரிக்குப் போனால், வரி முடிவில் ‘ட’ என்றும் அடுத்த வரியில் ‘உ’ என்றும் வேறு இரண்டு எழுத்துகள் ஆகிவிடும். அக்கா ‘அறிமுகப்படுத்தப்’ என்பதோடு நிறுத்திக் கோடு போடச் சொன்னார். மிச்சம் அடுத்த வரிக்கு, முற்றுப்புள்ளியோடு சேர்ந்து இறங்கியது.

பதினொன்றரைக்கு டீ வந்தது. கீழே மளிகைக்கடைக்குப் பக்கத்து டீக்கடையிலிருந்து, கிளாஸ் 12 ரூபாய். பொறுப்பாளரும் வந்து உட்கார்ந்தார். காகிதம் ஒரு தாள் இரண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே அடங்குகிறதாம். சாதாரணத் தாளில் புள்ளி நிற்காது, நான்கைந்து பேர் தடவினால் அமுங்கிவிடும். அதனால்தான் இந்தத் தடிமன். முன்பு பதிப்பகங்களிடம் அனுமதி கேட்டு அலைந்த கதையையும் சொன்னார். 2012இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகு, பார்வையற்றவர்கள் படிக்கும் வடிவத்துக்கு மாற்ற அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் நல்ல யூனிகோடு கோப்பைக் கேட்டு இன்னமும் அலைகிறார்கள். சட்டம் அனுமதியைத்தான் தர முடியும், ஒழுங்காக அடித்த கோப்பைத் தராது. பதிப்பாளர்கள் மனம் வைத்தால் காலையில் நான் பார்த்த அந்த இருபது நிமிடம் மிச்சமாகும்.

டீக்குப் பிறகுதான் பக்க அமைப்பு தொடங்கியது. பத்தி மூன்றாம் கட்டத்தில் தொடங்கும், அடுத்த வரிகள் முதல் கட்டத்திலிருந்து. பத்திகளுக்கு நடுவே வெற்று வரி கிடையாது. வெற்று வரி தலைப்புக்கு மட்டும்தான். வேகமாகக் கை ஓட்டித் தேடும்போது, வெறுமையாக ஓர் இடம் தட்டுப்பட்டால் அங்கே தலைப்பு இருக்கிறது என்று தெரிய வேண்டும். பத்திக்குப் பத்தி இடம் விட்டால் அந்த அடையாளம் போய்விடும். தலைப்பு பக்கத்தின் கடைசி வரியாக விழக் கூடாது. கவிதையில் அடி முதல் கட்டத்தில் தொடங்கும், நீண்டு மடிந்தால் மூன்றாம் கட்டத்தில். பத்திக்கு நேர் எதிர் அமைப்பு. தொட்டவுடனே இது செய்யுள் என்று தெரிந்துவிடும்.

பக்க எண் இரண்டு வேண்டும். அச்சில் ஒரு பக்கம், பிரெயிலில் மூன்று நான்கு பக்கம் ஆகிறது. வகுப்பில் ஆசிரியர் “46ஆம் பக்கம் எடுங்க” என்றால் அது அச்சுப் புத்தகத்தின் 46. அந்தப் பிள்ளையின் கையில் இருப்பதோ இரண்டாம் தொகுதி. அதனால் அச்சுப் பக்க எண் வலது மேல் மூலையில், பிரெயில் பக்க எண் கீழே. அச்சில் பக்கம் மாறும் இடம் பிரெயில் பக்கத்தின் நடுவில் வந்தால், அந்த வரி முழுக்க 3, 6 புள்ளிகளை இழுத்து ஓரத்தில் புது எண். மென்பொருளில் இதற்கு வசதி இருக்கிறது. ஆனால் எந்த இடத்தில் பக்கம் மாறியது என்று பிடிஎஃப்பைப் பார்த்து ஒவ்வொன்றாகக் குறி வைத்துக்கொண்டிருந்தது தம்பிதான்.

அந்தப் பாடத்தில் வரிக்கு ஒரு சொல் தடித்த எழுத்தில் இருந்தது. எல்லாவற்றுக்கும் குறி போட்டால் விரல் தடுக்கிக்கொண்டே போகும். புதிய கலைச்சொல்லாக இருந்தால் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள். பயிற்சிப் பகுதியில் ‘அடிக்கோடிட்ட சொல்லின் எதிர்ச்சொல் தருக’ என்று கேள்விகள் வந்தன. மாற்றிய கோப்பில் அடிக்கோடு ஒன்றுகூட இல்லை. யூனிகோடாக்கும்போதே போய்விட்டது. மென்பொருள் எந்தக் குறையும் சொல்லவில்லை, கேள்வியை அழகாக அச்சடித்துக் கொடுத்தது. எந்தச் சொல் என்று தெரியாத கேள்வி! அச்சைப் பார்த்து, அந்தந்தச் சொல்லின் முன்னால் 4, 6 புள்ளிக் கட்டத்தை ஒவ்வொன்றாக வைத்தார்கள். ‘சிவப்பு எழுத்தில் உள்ளவை’ என்று கேட்டிருந்தாலும் இதே கதிதான்.

கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகளில் அச்சில் கோடு நீளமாகவும் குட்டையாகவும் இருந்தது. இங்கே எல்லாவற்றுக்கும் ஒரே நீளம், நான்கு கட்டம். நீளத்தை வைத்து விடையை ஊகிக்கக் கூடாது என்பதற்காக. பொருளடக்கத்தில் தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் நடுவே அச்சில் போடும் புள்ளி வரிசையை வெறும் அலங்காரம் என்று எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. வெறும் இடத்தைத் தாண்டி வலப்பக்கம் போகிற விரல் வரி மாறி விழுந்துவிடும், அந்தப் புள்ளிகள்தான் பிடித்துக்கொண்டு போகக் கைப்பிடி என்றார் அக்கா. மென்பொருள் அவற்றை முற்றுப்புள்ளிகளாக அடித்திருந்தது. தம்பி அவற்றை ஐந்தாம் புள்ளிக்கு மாற்றினார்.

அதிக நேரம் எடுத்தது ‘பொருத்துக’. அச்சில் இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து. 30 கட்டத்தை இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 14 கட்டத்துக்கு மேல் தேறாது. ‘நாடாளுமன்றம்’ என்ற ஒரு சொல்லுக்கே 12 கட்டம் வேண்டும். ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பட்டியலாகக் கொடுக்கலாம். முன்பு அப்படித்தான் செய்தார்களாம். மேலும் கீழும் தேடிப் பிள்ளைகள் சலித்துப்போனார்கள். இப்போது விரித்து வைத்த புத்தகத்தின் இடது பக்கத்தில் ஒரு பட்டியல், எதிரே வலது பக்கத்தில் அதே உயரத்தில் மற்றது. இடது கை இங்கே, வலது கை அங்கே. அக்கா பழைய புத்தகம் ஒன்றைப் பிரித்துச் செய்து காட்டினார். இரண்டு கைகளும் தனித்தனியே வரிவரியாக இறங்கின, இடக்கை ஒரு வரியில் நிற்க, வலக்கை விடையைத் தேடிப் பிடித்தது. நான் கண்ணால் செய்வதைவிட அது மெதுவாக இருக்கவில்லை. அன்று பார்த்தவற்றில் என் மனம் நிறைந்தது இதில்தான். இந்த அமைப்பு விழ வேண்டுமானால் முதல் பட்டியல் இரட்டைப்படைப் பக்கத்தில் வர வேண்டும். அதற்காக முந்தைய பக்கத்தில் அரைப் பக்கம் வெறுமையாக விட்டார்கள். பொறுப்பாளருக்குக் காகிதம் வீணாவதில் வருத்தம். ஆனாலும் மறுக்கவில்லை.

படங்களில் பாடத்துக்கு வேண்டியதை, ‘பிரெயிலாக்கியவர் குறிப்பு’ என்று தொடங்கி, இரண்டு மூன்று வரியில் விவரிக்கிறார்கள். புத்தகத்தில் இல்லாத ஒன்றைத் தாங்கள் சேர்த்ததாகப் படிப்பவருக்குத் தெரிய வேண்டுமாம். ஐந்து நெடுவரிசை கொண்ட ஓர் அட்டவணை வந்தது. கிடைவரிசைக்கு ஒரு பத்தியாக உடைத்து, நெடுவரிசைத் தலைப்புகளுக்குச் சுருக்கம் வைத்து, சுருக்கத்தின் விளக்கத்தை மேலே கொடுத்தார்கள். அது எனக்கு அவ்வளவு திருப்தி தரவில்லை. இரண்டு ஊர்களின் அளவை ஒப்பிட நாலு வரி தாண்டிப் போக வேண்டியிருந்தது. அக்காவுக்கும் திருப்தி இல்லை. நோட்டில் அந்த விதிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தது.

மூன்று மணிக்கு ஒப்புநோக்குதல். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இதற்காக வாரத்தில் சில நாள் வருகிறார். அக்கா விரலால் படித்து வாய்விட்டுச் சொல்ல, டீச்சர் அச்சுப் புத்தகத்தில் தொடர்ந்து வருகிறார். நிறுத்தற்குறியையும் சேர்த்தே படிக்கிறார்கள். அக்காவின் வலக்கை ஒரு வரியை முடிப்பதற்குள் இடக்கை அடுத்த வரியின் தொடக்கத்துக்குப் போய்விடுகிறது. பாதிப் பக்கத்தில் டீச்சர் கையை உயர்த்தினார். “ஒரு வரி போச்சும்மா.” பிடிஎஃப்பில் ஒரு படத்தின் பின்னால் மறைந்திருந்த வரி நகலெடுக்கும்போது விடுபட்டிருக்கிறது. அதே பக்கத்தில் ஒரு ‘ர’ இருக்க வேண்டிய இடத்தில் கால் வந்திருந்தது, ஓர் இடத்தில் வருடத்துக்கும் எழுத்துக்கும் நடுவே கோடு விட்டுப்போயிருந்தது. காலையில் “ஒருவாட்டி செக் பண்றதோட சரி” என்று பொறுப்பாளர் சொல்லியிருந்தார். நான்கு அச்சுப் பக்கம் கொண்ட அந்தப் பாடம் முடியும்போது மணி நாலே முக்கால்.

எம்பாசர் தாளின் இரண்டு பக்கமும் அடிக்கிறது. பின்பக்கப் புள்ளிகள் முன்பக்கப் புள்ளிகளின் இடைவெளியில் விழும்படி சற்றே நகர்த்தி அடிப்பதால் ஒன்றை ஒன்று அழிப்பதில்லை. முடிந்த தொகுதி ஒன்று மேசையில் இருந்தது. 80 தாள், தூக்கிப் பார்த்தால் முக்கால் கிலோ வரும். ஒரு பாடப்புத்தகம் இப்படி மூன்று நான்கு தொகுதி. தபாலில் பார்வையற்றோர் படிக்கும் நூல் என்று எழுதி அனுப்பினால் 7 கிலோ வரை கட்டணம் கிடையாது. அன்று மாலை போக வேண்டிய கட்டு ஒன்று, சணல் கயிறு போட்டு, வாசல் பக்கம் தயாராக இருந்தது.

கிளம்புவதற்கு முன் அந்த நோட்டைப் பற்றிக் கேட்டேன். இதேபோல் பிரெயிலாக்கும் வேறு இடங்களுக்கு இதைக் கொடுத்திருக்கிறீர்களா? இல்லை. அவர்கள் விதி இவர்களுக்குத் தெரியுமா? அதுவும் தெரியாது. ஒரு பிள்ளை ஆறாம் வகுப்புப் புத்தகத்தை ஓரிடத்திலிருந்தும் ஏழாம் வகுப்புப் புத்தகத்தை இன்னோரிடத்திலிருந்தும் பெற்றால், பொருத்துகவும் அட்டவணையும் வெவ்வேறு மாதிரி இருக்கும். எழுத்துக்கு 1951இல் கிடைத்த ஒற்றுமை பக்கத்துக்கும் கிடைத்தாக வேண்டும். இத்தனை வருட உழைப்பு ஒரே ஒரு கையெழுத்து நோட்டில், டேப் ஒட்டிக் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. நகல் எடுத்துக்கொள்ளட்டுமா என்றேன். அக்கா யோசித்தார். “கேள்விக்குறி போட்டிருக்கிற இடத்தையெல்லாம் அப்படியே விட்டுடுங்க சார். அதை அவங்ககிட்டதான் கேக்கணும்” என்றார்.

தம்பியும் கூட வந்தார். வழியில் பார்த்த ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய். 84 பக்கம், இரண்டு பிரதி, 252 ரூபாய். சென்னையில் பிரெயில் வேலை செய்யும் வேறு இரண்டு இடங்களுக்கு அவற்றை அனுப்பிவிட்டேன். அட்டவணைக்கு அவர்கள் என்ன வழி வைத்திருக்கிறார்கள், வரி முடிவில் சொல்லை எங்கே உடைக்கிறார்கள் என்று எழுதி, பதிலை அக்காவின் முகவரிக்கே பிரெயிலில் அனுப்பக் கேட்டிருக்கிறேன்.